தக்காளிக் கிரேடும் இடுப்புப் பிடிப்பும்: அறுவை சிகிச்சை இல்லாமல் முதுகைக் காப்பது எப்படி

இடுப்பு பிடித்துக்கொண்ட முதல் நாள் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். பாயை விரித்துப் படுக்க வைத்து, "ஒரு வாரம் அசையாதே" என்பார்கள். அந்த ஒரு வாரத்தில் வலி கொஞ்சம் குறையும், ஆனால் முதுகைத் தாங்குகிற தசைகள் தளர்ந்துவிடும். எழுந்து காட்டுக்குப் போய் மண்வெட்டியை எடுத்த மறுநாளே மீண்டும் பிடித்துக்கொள்ளும். முதுகு படுத்துக் குணமாவதைவிட அளவாக அசைந்து குணமாவதுதான் அதிகம். ஆனால் எந்த வலியில் அசையலாம், எதில் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதை முதலில் பிரித்துப் பார்த்துவிட வேண்டும்.

காத்திருக்கக் கூடாத வலி

சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமலே போய்விடுவது, மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது, சைக்கிள் சீட்டு படுகிற இடமெல்லாம் மரத்துப்போவது, இரண்டு கால்களிலும் பலம் குறைவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் 108-ஐ அழையுங்கள். முதுகுத்தண்டின் அடியில் குதிரை வால்போல் பிரியும் நரம்புக் கொத்து நசுங்கும்போது இப்படி ஆகும். சில மணி நேரத் தாமதம்கூட ஆயுள் முழுக்கப் பாதிப்பை விட்டுவிடலாம். இந்த ஒரு நிலையில் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவதுதான் தவறு.

இரண்டாவது, பாதத்தின் பலம். சுவரை ஒட்டி நின்று, முன்பாதத்தைத் தூக்கிக் குதிகாலால் பத்தடி நடந்து பாருங்கள். ஒரு பாதம் மட்டும் தூக்க வராமல் தரையில் தேய்ந்தால் ஓரிரு நாளுக்குள் எலும்பு அல்லது நரம்பு மருத்துவரைப் பாருங்கள். ஒரு கால் செருப்பு மட்டும் நடக்கும்போது தானே கழன்று போவது இதன் ஆரம்ப அடையாளம். "செருப்பு தேய்ஞ்சு போச்சு" என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

சாயங்காலக் காய்ச்சலும் உடல் இளைப்பும் சேர்ந்த முதுகு வலி எலும்புக் காசநோயாக இருக்கலாம். முன்பு புற்றுநோய் வந்தவர்கள், மாமரத்திலிருந்தோ புளியமரத்திலிருந்தோ விழுந்தவர்கள், பஸ்ஸில் லேசாகக் குலுங்கியதற்கே நடு முதுகில் 'சுரீர்' என்று பிடித்துக்கொண்ட 60 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் எல்லோருக்கும் எக்ஸ்ரேயாவது வேண்டும். விலாவிலிருந்து தொடையிடுக்குக்கு இறங்கும் வலி, குமட்டல், சிறுநீரில் ரத்தம் என்றால் அது முதுகல்ல, பெரும்பாலும் சிறுநீரகக் கல். 45 வயதுக்குள் இருப்பவருக்குக் காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்து, நடக்க நடக்கச் சரியாகி, இது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் முடக்குவாத மருத்துவரிடம் காட்ட வேண்டிய அழற்சி நோயாக இருக்கலாம்.

இவை எதுவும் இல்லையென்றால் உங்களுக்கு வந்திருப்பது சாதாரண இடுப்புப் பிடிப்பு. பெரும்பாலும் 4 முதல் 6 வாரத்தில் நன்றாகத் தணிந்துவிடும். பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை நரம்பு இழுக்கும் குடைச்சல் இருந்தால் கூடுதல் காலம் பிடிக்கும். 6 முதல் 12 வாரம் பொறுமை வேண்டும்.

முதல் மூன்று நாள்

மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களை ஒரு நாற்காலியின் மேல் வையுங்கள். இடுப்பும் முழங்காலும் நேர்க்கோணமாக மடங்கியிருக்கட்டும். இப்படி 10-15 நிமிடம், ஒரு நாளில் நாலைந்து முறை. பக்கவாட்டில் படுத்தால் முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. விழித்திருக்கும் நேரத்தில் ஒவ்வொரு மணிக்கும் எழுந்து மூன்று நிமிடமாவது வீட்டுக்குள் நடந்துவிடுங்கள். வலியோடு நடந்தால் எலும்பு தேய்ந்துவிடாது.

எழும்போது மல்லாந்த நிலையிலிருந்து தலையைத் தூக்காதீர்கள். முதலில் உடம்பை ஒரே துண்டாக ஒருபக்கம் புரட்டி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, அதே நேரத்தில் கையை ஊன்றி எழுங்கள். தும்மல் வந்தால் நிமிர்ந்து நின்று ஒரு கையைச் சுவரில் ஊன்றுங்கள். குனிந்தபடி தும்மியவுடன் பிடித்துக்கொள்வது சகஜம். மலச்சிக்கல் இருந்தால் முக்குவதாலேயே வலி கூடும், எனவே தண்ணீர், கீரை, கம்பு, ராகி என்று சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நொச்சி இலை, புளிய இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். குணம் முக்கியமாகச் சூட்டில்தான் இருக்கிறது, வறுத்த உப்பு மூட்டையும் அதே வேலையைச் செய்யும். 15-20 நிமிடம், துணி மடிப்புக்கு மேல். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு வேறொருவர் தன் முழங்கையில் சூடு பார்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். தோல் வெந்து புண்ணாகி, முதுகு வலியைவிடப் பெரிய தொல்லையாகிவிடும்.

பாராசிட்டமால் மட்டும் போட்டால் இடுப்பு வலிக்குப் பெரிய பலன் கிடைப்பதில்லை. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் குறைந்த அளவில் சில நாள் உதவும், சாப்பிட்ட பிறகு. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தக் கொதிப்பு, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. மருந்துக்கடையில் காகிதத்தில் மடித்துத் தரும் பெயரில்லாத 'செட் மாத்திரை' வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் இன்று வலி பறந்துவிடும், மாதக்கணக்கில் தொடர்ந்தால் எலும்பு பொடிந்துபோகும்.

"ஜவ்வு விலகிடுச்சு" என்ற பேச்சு

மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் இல்லாதபோது முதல் ஆறு வாரத்துக்குள் எம்.ஆர்.ஐ. எடுப்பதால் சிகிச்சை மாறப்போவதில்லை. பயம்தான் கூடும். முதுகு வலியே இல்லாத ஆட்களைப் படமெடுத்துப் பார்த்ததில், 20 வயதுக்காரர்களில் 100-க்கு 30 பேருக்கும், 80 வயதில் 84 பேருக்கும் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு) புடைப்பு இருந்தது. நரைமுடி மாதிரி அதுவும் வயதின் அடையாளம். உண்மையிலேயே டிஸ்க் வெளியே பிதுங்கி நரம்பை அழுத்தினாலும், அந்தப் பிதுக்கத்தை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பதைப் பின்னாளில் எடுத்த படங்களில் காணலாம். 'எல்4-எல்5 பல்ஜ்' (இடுப்பின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவே புடைப்பு) என்ற ஒற்றை வரியைப் பார்த்து ஆபரேஷனுக்குத் தேதி வாங்காதீர்கள்.

கிரேடு (தக்காளிப் பெட்டி) தூக்குவது

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாலக்கோடு, ராயக்கோட்டை தக்காளி மண்டிகளிலும், சீசனில் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை வாசல்களிலும் ஒரே ஆள் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை குனிந்து தூக்குகிறார். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 கிலோ கிரேடை உடம்பிலிருந்து 50 செ.மீ. தள்ளிப் பிடிக்கிறீர்கள். முதுகை நிமிர்த்தும் தசைகள் முதுகெலும்பின் மையத்திலிருந்து சுமார் 5 செ.மீ. பின்னால் இருந்துதான் இழுக்கின்றன. தூரம் பத்து மடங்கு என்பதால் இழுவையும் பத்து மடங்கு, அதாவது 150 கிலோ. குனிந்த மேலுடம்பின் எடை இன்னும் இதில் சேரவில்லை. அதே கிரேடை வயிற்றோடு ஒட்டி 25 செ.மீ.க்குள் கொண்டுவந்தால் 75 கிலோதான். எடை மாறவில்லை, தூரம்தான் மாறியது.

'முழங்காலை மடக்கித் தூக்கு' என்று எல்லோரும் சொல்வார்கள். முழங்காலை மடக்கியும் சரக்கைத் தள்ளிப் பிடித்தால் பயனில்லை. செய்ய வேண்டியது இது:

1. கிரேடின் இரு பக்கமும் கால் வருமாறு நெருங்கி நில்லுங்கள், ஒரு பாதம் கொஞ்சம் முன்னே.
2. பிட்டத்தைப் பின்னுக்குத் தள்ளிக் குனியுங்கள், வளைவு இடுப்பு மூட்டில் நடக்கட்டும். முதுகு பலகைபோல இருக்கட்டும்.
3. தூக்கும் முன் கிரேடை உங்கள் பக்கம் இழுத்து ஒட்டுங்கள். இந்த ஒரு இழுப்பைத்தான் அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.
4. வயிற்றை லேசாக இறுக்கி, பாதத்தால் தரையை அழுத்தி எழுங்கள். வெடுக்கென்று வேண்டாம்.
5. லாரிப் பக்கம் திரும்பப் பாதங்களை எடுத்து வையுங்கள். கால் நின்ற இடத்தில் நிற்க இடுப்பு மட்டும் முறுக்கினால் அதுதான் டிஸ்க்கைக் கிழிக்கும் அசைவு.

இரண்டாவது படியைப் பழக ஒரு கம்பு போதும். முதுகோடு நேராக வைத்துப் பிடியுங்கள். பின்தலை, தோள்பட்டைகளின் நடு, பிட்டத்து எலும்பு ஆகிய மூன்று இடத்திலும் கம்பு பட வேண்டும். குனியும்போது ஏதாவது ஒன்று விலகினால் முதுகு வளைகிறது. தினமும் பத்து முறை, இரண்டு வாரம் பழகினால் வேலையில் தானாக வந்துவிடும்.

இதைவிடச் சுலபமான வழியும் உண்டு. காலி கிரேடைக் கவிழ்த்து அதன்மேல் நிரப்புகிற கிரேடை வையுங்கள். சரக்கு முழங்கால் உயரத்திலிருந்து கிளம்பும், ஆழக் குனிய வேண்டியதே இல்லை. ஐம்பது கிலோ மூட்டைக்கு இரண்டு ஆள் என்பதைக் கூலிக்காக விட்டுக்கொடுக்க வேண்டாம்.

காலை முதல் ஒரு மணி நேரம்

ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் தண்ணீரை உறிஞ்சி உப்புகின்றன. அதனால்தான் காலையில் நாம் கொஞ்சம் உயரமாக இருக்கிறோம். உப்பிய டிஸ்க்கோடு ஆழக் குனிந்தால் அழுத்தம் மிக அதிகம். அந்த முதல் 30-60 நிமிடத்தில் குனிவதைத் தவிர்த்தாலே பலருக்கு வலி குறைகிறது. ஆனால் நம் பக்கம் விடிகாலை ஐந்து மணிக்குச் சாணி அள்ளுவது, பால் கறப்பது, பூ எடுப்பது எல்லாமே குனிகிற வேலை.

வரிசையை மாற்றுங்கள். அரை மணி முன்னதாக எழுந்து அடுப்பு பற்றவைப்பது, தீவனம் எடுத்து வைப்பது போன்ற நின்று செய்யும் வேலைகளை முதலில் முடியுங்கள். பால் கறக்க 25-30 செ.மீ. உயர முக்காலி வைத்து, மாட்டை நெருங்கி, முழங்கால்களுக்கு நடுவே செம்பு வருமாறு உட்காருங்கள். சாணி வாரவும் வாசல் கூட்டவும் துடைப்பத்தை நெஞ்சுயரக் கம்பில் கட்டிவிடுங்கள். வீட்டில் முதுகு வலிக்கு அந்தக் குட்டைத் துடைப்பமும் ஒரு காரணம்.

காடு, அடுப்படி, ஸ்டியரிங்

மண்வெட்டிப் பிடி குட்டையாக இருந்தால் யாராக இருந்தாலும் கூனித்தான் வெட்ட வேண்டும். நீளப் பிடி போட்டு, ஒரு கால் முன்வைத்து, 20 நிமிடத்துக்கு ஒருமுறை முன்கால் மாற்றுங்கள். களை எடுக்கும்போது குனிந்தே இருக்காமல் ஒரு வரிசை குனிந்தும், ஒரு வரிசை ஒரு முழங்கால் ஊன்றியும் எடுக்கலாம். 16 லிட்டர் மருந்து டேங்கைத் தரையிலிருந்து முதுகில் மாட்டாதீர்கள். திண்ணை உயரத்தில் வைத்து, திரும்பி நின்று மாட்டி எழுங்கள். குடத்தை ஒரே இடுப்பில் வைப்பதற்குப் பதில் இரு கையிலும் அரைக் குடம் சிறந்தது.

புளி கொட்டை எடுக்க மணிக்கணக்கில் தரையில் உட்காருபவர்கள் பிட்டத்துக்கடியில் நாலு விரல் உயரம் மடித்த சாக்கை வையுங்கள், முதுகு சுவரில் சாய்ந்திருக்கட்டும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, கைகளை இடுப்பில் ஊன்றி ஐந்து முறை பின்னுக்கு வளையுங்கள். களி கிண்டும்போது பாத்திரத்தை உயர அடுப்பிலிருந்து தாழ்ந்த மேடைக்கு இறக்கி, ஒரு கால் முன்வைத்து, உடம்பைக் காலால் ஆட்டிக் கிண்டுங்கள். இடுப்பை முறுக்கிக் கிண்டினால் மூன்று பேருக்கான களியே போதும் பிடித்துக்கொள்ள.

தொப்பூர் கணவாய் வழியாக ஓட்டும் லாரி டிரைவர்களுக்கு அதிர்வும் உட்காருதலும் சேர்கின்றன. சீட்டைச் சற்றே பின்சாய்த்து, இடுப்பு வளைவில் சுருட்டிய துண்டை வையுங்கள். பின் பாக்கெட்டு பர்ஸை எடுத்துவிடுங்கள். முக்கியமாக, வண்டியை நிறுத்தியவுடன் தார்ப்பாயை இழுக்காதீர்கள், சரக்கும் இறக்காதீர்கள். நீண்ட நேரம் உட்கார்ந்த டிஸ்க் தளர்ந்திருக்கும். ஐந்து நிமிடம் நடந்த பிறகு வேலை. ஓசூர் கம்பெனிக்கு பைக்கில் போகிறவர்களுக்கும் இதே விதிதான், கூடவே வேகத்தடையில் கால் ஊன்றிச் சற்றே எழும்பிக்கொள்ளுங்கள்.

பயிற்சி

கடுமையான வலி தணிந்த பிறகு, எழுந்து ஒரு மணி நேரம் கழித்து, தினமும் 15 நிமிடம்.

முதலில் கை-முழங்கால் ஊன்றி, முதுகைப் பூனைபோல மேலே வளைத்து, பின் மெல்லத் தாழ்த்துங்கள், 6-8 முறை. அப்புறம் மூன்று பயிற்சி. ஒன்று: மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை மடக்கி, இடுப்பு வளைவுக்கடியில் இரு கைகளையும் வைத்து, தலையையும் தோளையும் இரண்டு விரல் உயரம் மட்டும் தூக்குவது. இரண்டு: ஒருக்களித்து, முழங்கையும் மடித்த முழங்காலும் ஊன்றி இடுப்பை உயர்த்துவது. மூன்று: கை-முழங்கால் ஊன்றி வலக் கையையும் இடக் காலையும் நீட்டுவது, பிறகு மாற்றி. ஒவ்வொன்றையும் 8-10 விநாடி மட்டும் பிடித்து விடுங்கள். முதல் சுற்றில் 6, அடுத்து 4, கடைசியில் 2. வாரங்கள் போகப் போக எண்ணிக்கையைக் கூட்டலாம், பிடிக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டாம். மூச்சை அடக்கக் கூடாது. முழங்காலை நீட்டி எழுந்து உட்காரும் பள்ளிக்கூடப் பயிற்சியும், காலையில் கால் விரல் தொடுவதும் இந்த முதுகுக்கு ஆகாது.

காலில் குடைச்சல் உள்ளவர்கள் குப்புறப் படுத்துப் பாருங்கள். இரண்டு நிமிடம் அப்படியே, இரண்டு நிமிடம் முழங்கை ஊன்றி, பிறகு இடுப்பு தரையில் இருக்கக் கையால் மேலுடம்பைப் பத்து முறை உயர்த்துங்கள். கெண்டைக்கால் வலி தொடைக்கும், தொடை வலி பிட்டத்துக்கும் ஏறி வந்தால் நல்ல சகுனம், இடுப்பில் வலி கூடினாலும் தொடரலாம். வலி கீழே இறங்கினால் நிறுத்துங்கள். நூறு அடி நடந்தால் கால் கனத்து, குனிந்து உட்கார்ந்தால் விடுகிற முதியவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு முழங்காலை நெஞ்சோடு அணைப்பதும் சைக்கிளும் நல்லது.

வலி போன பிறகும் நடையை விடாதீர்கள். 2024-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், படிப்படியாக வாரம் 5 நாள், 30 நிமிட நடைக்கு வந்தவர்களுக்கு வலி திரும்ப எடுத்துக்கொண்ட இடைவெளி 208 நாள். நடைத் திட்டம் தரப்படாதவர்களுக்கு 112 நாள்.

இந்த மண்ணின் தண்ணீர்

தருமபுரி, கிருஷ்ணகிரியில் முதுகு வலி பற்றி எழுதும்போது ஃபுளோரைடை விட்டுவிட முடியாது. இங்குள்ள பல ஆழ்துளைக் கிணறுகளில் அது ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டுகிறது. ஜப்பான் நிதியுதவியோடு கட்டி 2013-இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகத்தான் வந்தது. பல ஆண்டுகள் இந்தத் தண்ணீரைக் குடித்தால் முதுகெலும்பைச் சுற்றிய தசைநார்களில் சுண்ணாம்பு படிந்து, கழுத்தும் இடுப்பும் இறுகிப்போகும். 'வாயு', 'வயசு' என்று சொல்லி அதைக் கடந்துவிடுகிறோம்.

மூன்று சோதனை செய்யுங்கள்: முழங்கால் மடக்காமல் குனிந்து கால் விரல் தொட வருகிறதா, முகவாய் நெஞ்சில் படுகிறதா, கைகளைப் பிடரிக்குப் பின்னால் கோக்க முடிகிறதா. இவை வராமல், சின்ன வயதிலிருந்தே பற்களில் பழுப்புக் கோடுகளும் இருந்தால் மருத்துவரிடம் ஃபுளோரைடு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் போர் தண்ணீரைச் சோதிக்கக் கொடுங்கள். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். காவிரித் தண்ணீரையோ மழைநீரையோ குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு, போர் தண்ணீரைத் துவைக்கவும் குளிக்கவும் விடுங்கள். பால் சேர்க்காத கட்டன் சாயாவைக் குறையுங்கள். ராகியில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமை ஒட்டிக் கால்சியம் உண்டு, கூடவே முருங்கைக்கீரை, நெல்லி, கொய்யா. படிந்த சுண்ணாம்பு திரும்பக் கரையாது, ஆனால் தண்ணீரை மாற்றினால் மேலும் இறுகுவதைத் தடுக்கலாம்.

பணம் போகிற வழிகள்

காலால் பிறந்தவரை முதுகில் மிதிக்கச் சொல்வது, சுளுக்கு வழிப்பவரிடம் முறுக்கிக்கொள்வது இரண்டும் எலும்பு தேய்ந்த முதியவரிடமும், ஃபுளோரைடால் விறைத்த முதுகிலும் முறிவில் முடியலாம். மெல்லிய எண்ணெய்த் தடவலில் தவறில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட நாள்பட்ட இடுப்பு வலி வழிகாட்டுதல், இடுப்பு பெல்ட், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷன், அல்ட்ராசவுண்ட் ஒலியலைச் சிகிச்சை, தோல்மேல் மின்னதிர்வு தரும் டென்ஸ் ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது. உடற்பயிற்சியையும் நோயாளிக்கு விளக்கிச் சொல்வதையும் பரிந்துரைக்கிறது. சிசேரியனில் முதுகில் போட்ட ஊசியால்தான் வருடக்கணக்கில் வலி என்று நம்பும் தாய்மார்களுக்கும் ஒரு சொல்: அந்த ஊசி நீண்டகால வலி தருவதில்லை. குழந்தையைத் தூக்கும் விதமும், பிரசவத்துக்குப் பின் தளர்ந்த வயிற்றுத் தசையும்தான் பெரும்பாலும் காரணம்.

தளர்ந்த கயிற்றுக் கட்டிலை இறுக்கிக் கட்டுங்கள், இல்லையென்றால் கெட்டியான இலவம்பஞ்சு மெத்தை போதும். புகையிலையையும் பீடியையும் விட்டுவிடுங்கள், டிஸ்க்குக்குப் போகும் ஊட்டத்தை அவை குறைக்கின்றன.

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. நடக்கவே முடியாத முதியவர் வீட்டில் இருந்தால், தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் தொடங்கப்பட்டதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். எங்கே போனாலும் ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதிக்கொண்டு போங்கள்: வலி காலில் எந்த இடம் வரை இறங்குகிறது, உட்கார்ந்தால் கூடுகிறதா நடந்தால் கூடுகிறதா, காலை விறைப்பு எத்தனை நிமிடம், வீட்டுக் குடிநீர் எந்தத் தண்ணீர்.